கேள்வியும் செவியும்: ஒலிக்கலை ஆய்வுகள் பற்றிய ஒரு திறனாய்வு

தமிழில் "கேள்வி" என்னும் சொல் இருபொருள் தாங்கி நிற்பது. செவியால் கேட்டறிதலும் கேள்வி. ஐயுற்று வினவுதலும் கேள்வி. வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ரோமர் 10:17ஐத் தமிழாக்கியோரும் இச்சொல்லையே எடுத்தாண்டனர். ஆயினும் நம் அருளுரை பீடங்களில் முதற்பொருளே ஓங்கி ஒலிக்கிறது. இரண்டாம் பொருள் அடங்கிப்போயிற்று. விசுவாசம் கேட்பதால் வருகிறது என்று சொல்லும் நாம், யார் கேட்கிறார், யாருடைய குரலைக் கேட்கிறார், எத்தகைய அதிகாரத்தில் நின்று கேட்கிறார் என்று வினவுவதில்லை. இவ்வினாக்களைக் கடந்த ஐம்பது ஆண்டுகளாக மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் விடாது எழுப்பி வந்தோருள் இறையியலார் மிகச் சிலரே. பெரும்பாலோர் ஒலிக்கலைஞர்களும் ஒலியை ஆராய்வோருமே ஆவர். அவர்களுடைய உழைப்பின் பயனை ஆயர்களும் இறையியல் மாணவர்களும் எவ்வளவு ஏற்கலாம், எங்கே மறுக்க வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலிக்கலை என்பது இசையன்று என முதலிலேயே சொல்லிவிடுவது நலம். பண்ணும் தாளமும் அதற்கு இன்றியமையாதன அல்ல. ஆலையின் இரைச்சல், கடற்கரையின் அலை, அகதியின் உச்சரிப்பு, வெற்றறையின் எதிரொலி ஆகிய எதுவும் அதற்குக் கருப்பொருளாகலாம். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1952இல் ஒரு பியானோக் கலைஞரை நான்கு நிமிடம் முப்பத்து மூன்று விநாடி எதையும் வாசியாது அமரச் செய்தார். அவையில் தற்செயலாக எழுந்த ஒலிகளையே கேட்கும்படி விட்டார். பலர் அதை வேடிக்கை என்று தள்ளினர். அந்நிகழ்ச்சியைப் பற்றி நான் இங்கு மேலும் எழுதப்போவதில்லை. அதனைக் காட்டிலும் ஆழமாகவும் பொறுமையாகவும் நடைபெற்ற ஒரு முயற்சி கனடா நாட்டில் உண்டு.

ஷேஃபரும் அவர் குழுவும்

ஆர். மரே ஷேஃபர் (1933–2021) கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் பிறந்த இசையமைப்பாளர். வான்கூவர் நகரை அடுத்த சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் 1965இல் ஆசிரியப் பணி ஏற்றார். அங்கே அவர் தொடங்கிய உலக ஒலிச்சூழல் திட்டத்தில் பாரி ட்ரூஆக்ஸ், ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் முதலிய இளைஞர் அவரோடு சேர்ந்தனர். 1973இல் வான்கூவர் நகரின் ஒலிகளைப் பதிவு செய்து இசைத்தட்டுகளாக வெளியிட்டனர். 1974இல் கனடா முழுவதும் திரட்டிய ஒலிகளைக் கொண்டு பத்து வானொலி நிகழ்ச்சிகள் அமைத்தனர். 1975இல் ஐரோப்பாவில் ஐந்து சிற்றூர்களுக்குச் சென்றனர்: சுவீடனில் ஸ்க்ரூவ், ஜெர்மனியில் பிஸ்ஸிங்கன், இத்தாலியில் செம்ப்ரா, பிரான்சில் லெஸ்கோனில், ஸ்காட்லாந்தில் டாலர். ஒவ்வோர் ஊரிலும் மணியோசை எவ்வளவு தொலைவு செல்கிறது, வண்டிகள் எத்தனை கடக்கின்றன, எந்த ஒலி எந்த வேளையில் எழுகிறது என்றெல்லாம் கணக்கெடுத்தனர். லெஸ்கோனில் மீனவர் ஊர். அங்கே நாள்முழுதும் காற்றின் திசை ஒழுங்காக மாறுவதால், ஒவ்வொரு பொழுதிலும் வெவ்வேறு திசையிலுள்ள தொலைதூர ஒலிகள் ஊருக்குள் வந்து சேர்கின்றன என்று அவர்கள் கண்டு எழுதியது, கடற்கரைத் திருச்சபைகளில் பணியாற்றிய எவருக்கும் சுவை பயப்பதாகும்.

இவ்வுழைப்பின் சாரத்தை ஷேஃபர் 1977இல் "உலகின் சுருதி கூட்டல்" என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். ஓரிடத்தின் ஒலிகளை அவர் மூன்றாக வகுக்கிறார். கேட்கிறோம் என்ற உணர்வே இன்றி எப்போதும் பின்னணியில் நிற்கும் ஒலி முதலாவது. இதனை நம் இசை மரபின் சொல்லால் ஆதார சுருதி எனலாம். கடலோரத்தார்க்கு அலை, நகரத்தார்க்கு வண்டி இரைச்சல். நம் கவனத்தைத் தன்பால் இழுக்கும் மணி, ஊதுகுழல், சங்கு போன்ற அறிவிப்பொலி இரண்டாவது. ஓர் ஊருக்கே உரியதாய், அவ்வூரார் போற்றிக் காக்கும் அடையாள ஒலி மூன்றாவது. எளிய பகுப்புத்தான். ஆயினும் ஒருமுறை கற்றுக்கொண்டவர் தம் சேகரத்தை மீண்டும் பழைய செவியோடு கேட்க இயலாது. நூலின் சிறப்பு கோட்பாட்டில் இருப்பதைக் காட்டிலும் இப்பயிற்சியில் இருக்கிறது என்பது என் கருத்து. கண்ணை மூடி அரைமணி நேரம் கேட்ட ஒலிகளைப் பட்டியலிடுக. அவற்றுள் இயற்கையின் ஒலி எது, மனிதக் குரல் எது, இயந்திர ஒலி எது எனப் பிரித்திடுக என்பது போன்ற பயிற்சிகளை அவர் மாணவர்க்கு அளித்தார். அருளுரைக் கலை வகுப்பில் பேசக் கற்பிக்கிறோம். கேட்கக் கற்பிக்க ஒரு மணி நேரமும் ஒதுக்குவதில்லை.

திருச்சபையை நேராகத் தொடும் இரு கருத்துகள் இந்நூலில் உள்ளன. ஒன்று, பழைய ஐரோப்பிய ஊர்களில் சேகரம் என்பதே ஓர் ஒலி எல்லை என்பது. ஆலய மணியோசை எட்டும் வரை அந்தச் சேகரம். எட்டாத இடத்தில் அது முடிந்தது. மற்றொன்று, அவர் புனித இரைச்சல் என்று பெயரிட்டது. ஒரு சமுதாயத்தில் யார் பேரொலி எழுப்பினும் கண்டிக்கப்படாதிருக்கிறாரோ அவரே அங்கு அதிகாரம் உடையவர் என்கிறார் ஷேஃபர். ஒரு காலத்தில் அவ்வுரிமை ஆலய மணிக்கும் பெருங்குழல் இசைக்கருவிக்கும் இருந்தது. தொழிற்புரட்சியின் பின் அது ஆலைக்குச் சென்றது. ஆலை முதலாளியின் இரைச்சலைத் தட்டிக் கேட்பார் இல்லாதுபோயிற்று. பின்னர் அது ஒலிபெருக்கி உடையவர்க்குச் சென்றது. கடவுளிடமிருந்து முதலாளிக்கு அதிகாரம் கைமாறியதைச் சட்டநூல் கொண்டும் பொருளியல் கொண்டும் எழுதியவர் பலர். இரைச்சலைக் கொண்டு எழுதியவர் இவர்.

இக்கருத்து நமக்கு அயலானதன்று. சென்னையில் ஒரு சபையின் ஒலிபெருக்கியும் இசைக்கருவிகளும் பற்றி அருகிலிருந்த குடியிருப்போர் நலச் சங்கம் தொடர்ந்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தீர்ப்பு வந்தது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்தச் சமயமும் விதிக்கவில்லை என நீதிமன்றம் கூறியது. சபை தன் வழிபாட்டு உரிமையைக் காட்டி வாதாடியது. புனித இரைச்சலுக்குரிய உரிமை இன்னும் தன்னிடம் இருக்கிறது என்றே அது எண்ணியிருந்தது போலும். சிறுபான்மைச் சபைக்கு அவ்வதிகாரம் என்றாவது இருந்ததா என்பது வேறு கேள்வி. ஆயினும் ஆமோஸ் 5:23ஐ உடைய திருமறையைக் கையில் வைத்திருக்கும் நாம், அத்தீர்ப்பை நீதிமன்றத்திலிருந்து கேட்க நேர்ந்ததே என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

இறைவனின் கையும் இழந்த பூங்காவும்

இவ்வளவும் பாராட்டிய பின் ஷேஃபரின் குறைகளுக்கு வருகிறேன். நூலின் தலைப்பு 1617இல் ராபர்ட் ஃப்ளட் வெளியிட்ட ஓர் ஓவியத்திலிருந்து வந்தது. பூமியையும் விண்ணையும் இணைத்து ஒற்றைத் தந்தி நீண்டிருக்க, மேகத்தினின்று இறங்கிய இறைவனின் கை அதன் முறுக்காணியைத் திருகிச் சுருதி சேர்க்கிறது. ஷேஃபர் இவ்வோவியத்தை வெறும் அணியாகக் கொள்ளவில்லை. உலகம் ஒருகாலத்தில் சுருதி கூடியிருந்தது, இயந்திரம் வந்து அதைக் கலைத்தது, நாம் மீண்டும் கூட்ட வேண்டும் என்பதே அவர் நூலின் அடிக்கதை. தெளிந்த ஒலிச்சூழல் என்றும் கலங்கிய ஒலிச்சூழல் என்றும் அவர் பிரிக்கும்போது, சிற்றூரும் கடந்த காலமும் முதலாவதில் சேர்கின்றன. நகரமும் நிகழ்காலமும் இரண்டாவதில் விழுகின்றன. ஏதேன், வீழ்ச்சி, மீட்பு என்னும் நம் வரிசை இங்கே இருக்கிறது. பாவம் மட்டும் இரைச்சலாக மாறியிருக்கிறது. அதனால்தான் இந்நூல் ஆயர்களுக்கு எளிதில் பிடித்துப்போகும். அதனாலேயே நாம் விழிப்பாக இருக்கவேண்டும்.

மணியோசை ஊரை ஒன்றாக்கியது என்னும் கருத்தையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அலேன் கோர்பேன் 1994இல் வெளியிட்ட நூலில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சின் ஊர் மணிகளை ஆராய்ந்தார். புரட்சி அரசு மணிகளை உருக்கி நாணயமும் பீரங்கியும் செய்தது. எஞ்சிய மணிகளின் பேரில் குருவும் ஊர்த்தலைவரும் ஓயாது வழக்காடினர். மணிக்கூண்டின் சாவி யார் கையில் என்பதே பல ஊர்களில் பெரும்போராக இருந்தது. யாருடைய சாவுக்கு மணி அடிக்கலாம், யாருக்குக் கூடாது என்பதும் அதில் அடங்கும். ஒன்றாக்கிய அதே மணி பிரித்தும் வைத்தது. ஷேஃபரின் வரைபடத்தில் மணி எட்டும் தூரம் வட்டமாகக் கிடைக்கிறது. அவ்வட்டத்துக்குள் வாழ்ந்தும் மணியால் அழைக்கப்படாதவர் அதில் தென்படுவதில்லை.

இதனிலும் கசப்பானது ஒன்றுண்டு. 1974ஆம் ஆண்டு வானொலித் தொடரில் கோடைக்கால நெடும்பகல் பற்றிய நிகழ்ச்சி ஒன்று அமைந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மிஷன் என்னும் ஊரையடுத்த பெனதிக்து துறவிமடத்தின் குளக்கரையில் ஒரு முழு நாளைப் பதிவு செய்து, மணிக்கு இரண்டு நிமிடம் வீதம் தொகுத்தனர். தவளையும் பறவையும் விடியலும் அதில் கேட்கின்றன. அழகான படைப்பு என்பதில் ஐயமில்லை. அந்த மிஷன் ஊரில்தான் 1860களில் தொடங்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளின் விடுதிப்பள்ளி 1984 வரை இயங்கியது. ஸ்டோலோ முதலிய மக்களின் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொணரப்பட்டு, தாய்மொழி பேசியதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தண்டிக்கப்பட்ட நிறுவனம் அது. ஒரு நிலத்தின் ஒலிகளைக் காக்கப் புறப்பட்டவர்களின் ஒலிவாங்கி குளத்தை நோக்கித் திரும்பியிருந்தது. அப்பள்ளியை நடத்தியவர் கத்தோலிக்கத் துறவியர் என்று சொல்லி நாம் விலகிக்கொள்ள முடியாது. கனடாவின் ஆங்கிலிக்கன் சபையும் ஐக்கிய சபையும் இத்தகைய பள்ளிகளை நடத்தின. ஐக்கிய சபை 1986இலும் ஆங்கிலிக்கன் சபை 1993இலும் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டன.

ஸ்டோலோ இனத்தைச் சேர்ந்த அறிஞர் டிலன் ராபின்சன் 2020இல் எழுதிய நூலுக்குப் "பசித்த கேட்டல்" என்று பொருள்படப் பெயரிட்டார். 1858இல் பொன் தேடி அவர்களுடைய ஆற்றங்கரைக்கு வந்து குவிந்த வெள்ளையர் பட்டினியால் வாடியிருந்தனர். அதனால் ஸ்டோலோ மொழியில் குடியேறியவனுக்குப் பசித்தவன் என்றே பெயராயிற்று. பொன்னுக்குப் பசித்தவன் போலவே பாட்டுக்கும் பசித்து, கிடைத்ததை எடுத்து விழுங்குகிற கேட்டல் முறை ஒன்றுண்டு என்கிறார் ராபின்சன். பிறர் பாடலைத் தன் இசைக்கு அணியாகச் சேர்த்துக்கொள்வது, அப்பாடல் பாடுவோர்க்குச் சட்டமா மருந்தா மன்றாட்டா என்று வினவாதிருப்பது, அவர்களுள் சிலவற்றைக் கேட்க அயலார்க்கு உரிமை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளாதிருப்பது ஆகியவை அதன் குறிகள். பண்பாட்டுமயமாதல் என்று நாம் பெருமிதத்துடன் பேசும் வழிபாட்டு முயற்சிகளையும் இக்கேள்விக்கு உட்படுத்தலாம். உட்படுத்தினால் அனைத்தும் தேறும் என்று சொல்ல மாட்டேன்.

ஷேஃபரின் குழுவிலேயே இக்குறையை உள்ளிருந்து உணர்ந்தவர் வெஸ்டர்காம்ப். 1989இல் வான்கூவர்க் கடற்கரையொன்றில் பாறைகளை ஒட்டிய சிறு கொட்டலசுகளின் நுண்ணொலியைப் பதிவு செய்து ஒரு படைப்பு ஆக்கினார். பின்னணியில் நகரம் இரைந்துகொண்டிருக்கிறது. அவர் தம் குரலிலேயே பேசுகிறார். இதோ இப்போது பதிவுக்கூடத்தில் நகரத்தின் ஒலியை உயர்த்துகிறேன், இதோ வடிகட்டி நீக்குகிறேன் என்று கேட்போர்க்கே சொல்லிச் செய்கிறார். அமைதி கண்டெடுக்கப்பட்டதன்று, ஆக்கப்பட்டது என்பதை மறைக்காத அந்நேர்மை இக்கலைக்கே ஒரு புதிய தொடக்கம்.

செவியைப் புகழும் மன்றாட்டுமாலை

இனி நமக்கு நேராக விழுந்த அடிக்கு வருவோம். ஜானதன் ஸ்டெர்ன் 2003இல் ஒலிப்பதிவின் தோற்றம் பற்றி எழுதிய நூலின் தொடக்கத்திலேயே, செவியையும் கண்ணையும் ஒப்பிடும் ஒரு பழகிப்போன பட்டியலைத் தருகிறார். செவி நம்மைச் சூழ்ந்து அணைக்கிறது, கண் தள்ளி நின்று பார்க்கிறது. செவி உள்ளத்தை அறிகிறது, கண் மேற்பரப்பை அறிகிறது. செவி உயிரோடு உறவாடுகிறது, கண் உயிரற்றதாக்குகிறது என இப்படியே செல்லும். ஆய்வாளர்கள் இதை ஆராயாமலே ஓதி வருவதால் இதற்கு மன்றாட்டுமாலை என்றே பெயரிட்டார். இதன் வேர் உடலியலில் இல்லை, கிறிஸ்தவ இறையியலில் இருக்கிறது என்பது அவர் வாதம். எழுத்து கொல்லும், ஆவி உயிர்ப்பிக்கும் என்னும் பழைய எதிர்நிலையே கண், செவி என்று வேடம் மாறி அறிவியல் போல நடமாடுகிறது என்கிறார். 2011இல் எழுதிய கட்டுரையில் இயேசு சபைத் துறவியும் அறிஞருமான வால்டர் ஆங்கை நேராகவே எதிர்கொண்டார். ஆங் 1967இல் வெளியிட்ட நூலில் வாய்மொழியைத் திருவார்த்தையின் பிரசன்னத்தோடு இணைத்திருந்தார்.

இம்மன்றாட்டுமாலையை நாமும் ஓதியவர்களே. நம் கல்லூரிகளில் ஒரு தலைமுறை முழுவதும் தோர்லீஃப் போமனைப் படித்து, கிரேக்கன் பார்த்தான், எபிரெயன் கேட்டான் என்று எழுதித் தேர்வில் வென்றது. ஜேம்ஸ் பார் 1961இலேயே இத்தகைய மொழிவழி மனவியல் நிற்காது என்று காட்டியிருந்தும், அருளுரைகளில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. திருமறையோ இப்பிரிவினைக்கு இடங்கொடுப்பதில்லை. யாத்திராகமம் 20:18இன் எபிரெய மூலத்தில் மக்கள் சீனாய் மலையடியில் ஒலிகளைக் கண்டார்கள் என்றே வினை நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர் பலர் இடர்ப்பட்டு அதை மாற்றினர். வெளிப்படுத்தின விசேஷம் 1:12இல் யோவான் தன்னோடு பேசிய குரலைக் காணத் திரும்புகிறான். எலியாவுக்கு ஓரேபில் வந்த மெல்லிய சத்தத்துக்கு எபிரெயத்தில் நிற்கும் சொல், மௌனம் என்றும் பொருள்படுவது.

எனினும் ஸ்டெர்னோடு முழுதும் உடன்பட இயலவில்லை. அவர் கிறிஸ்தவ இறையியலை ஒரே குரலாகக் கேட்கிறார். லூத்தர் எபிரெயர் நிருப விரிவுரைகளில் செவி ஒன்றே கிறிஸ்தவனுக்குரிய உறுப்பு என்று கூறியது உண்மை. ஆனால் அவ்விடத்தில் செவிக்கு எதிர்நிலையில் நிற்பவை கையும் காலுமே. கண்ணைப் பற்றி அங்கே பேச்சில்லை. செயல்களால் ஈட்டுவது கை. அருளப்படுவதைப் பெறுவது செவி. விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதலைச் சொல்ல அவர் கையாண்ட உருவகம் அது. பிற்காலத்தார் அதைப் புலன்களின் போட்டியாக்கியது அவர் குற்றமன்று. ஸ்டெர்ன் இதைக் கவனித்திருந்தால் அவர் வாதம் நுட்பமாகியிருக்கும், வலிமை குறைந்திராது.

வலிமை குறைந்திராது என்பதற்குக் காரணம் உண்டு. அவர் நூல் ஒரு காதோடு தொடங்குகிறது. 1874இல் அலெக்சாந்தர் கிரகாம் பெல்லும் மருத்துவர் கிளாரன்ஸ் பிளேக்கும் இறந்த ஒருவரின் செவிப்பகுதியை அறுத்தெடுத்து, அதன் சவ்வில் வைக்கோல் துரும்பு பொருத்தி, ஒலியலைகளை வரையும் கருவி அமைத்தனர். தொலைபேசியின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. பெல்லின் தாயும் மனைவியும் செவிகேளாதோர். அவரோ செவிகேளாதோர் சைகைமொழியை விட்டுவிட்டு வாயால் பேசியே ஆகவேண்டும் என்று வாதிட்டவர். 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு அவ்வாறே தீர்மானித்தது. பல நாடுகளின் பள்ளிகளில் சைகைமொழி பல்லாண்டு விலக்கப்பட்டது. 2010இல் அதே வரிசை மாநாடு, ஷேஃபர் நகரமாகிய வான்கூவரில் கூடி, அத்தீர்மானங்களைத் தள்ளி வருத்தம் தெரிவித்தது. செவியின் புகழ் பாடிய நூற்றாண்டு, செவியற்றோர் மொழியைப் பறித்த நூற்றாண்டாகவும் இருந்தது. பாளையங்கோட்டையில் 1895இல் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளியின் வழியில் வந்த நம் திருச்சபையினர், ரோமர் 10:17ஐச் செவிகேளாத ஒரு பிள்ளைக்கு எவ்வாறு விளக்குவோம்? அங்கே கேள்வி என்பது காதின் தொழில் என்றால், அப்பிள்ளை சுவிசேஷத்துக்கு வெளியே நிற்கும். அது அழைக்கப்பட்டதற்கு அளிக்கும் மறுமொழி என்றால், கையால் பேசி கண்ணால் கேட்கும் அப்பிள்ளை நம்மோடு அமர்ந்திருக்கிறது. பவுலின் வாதப்போக்கு இரண்டாவதன் பக்கமே நிற்கிறது. அதே அதிகாரத்தில் கேட்டும் கீழ்ப்படியாதவர் உண்டு என்று அவர் சொல்வதைக் காண்க.

சாட்சியும் துறையும்

ஒலிக்கலை ஆய்வில் இன்று மிகுதியாகப் பேசப்படுபவர் லாரன்ஸ் அபு ஹம்தான். 1985இல் ஜோர்தானின் அம்மான் நகரில் பிறந்தவர். இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் 2017இல் முனைவர் பட்டம் பெற்றார். இவர் தம்மைச் செவியால் ஆராயும் புலனாய்வாளர் என்றே கூறிக்கொள்கிறார். தஞ்சம் கேட்டு வருவோரின் பேச்சைப் பதிவு செய்து, உச்சரிப்பைக் கொண்டு அவர் எந்நாட்டார் எனத் தீர்மானிக்கும் முறை ஐரோப்பிய அரசுகள் பலவற்றில் உண்டு. பாலஸ்தீனர் ஒருவர் தக்காளிக்குரிய அரபுச் சொல்லை உச்சரித்த விதத்தைக் கொண்டு, அவர் சிரியர் எனத் தள்ளப்பட்ட செய்தியை அபு ஹம்தான் எடுத்துரைத்தார். 2012இல் இம்முறை பற்றி அவர் ஆக்கிய ஒலிச்சித்திரம், பிரிட்டனின் குடியேற்றத் தீர்ப்பாயத்தில் சான்றாகவும் முன்வைக்கப்பட்டது. அதே ஆண்டில், நெதர்லாந்தில் தஞ்சம் மறுக்கப்பட்ட சோமாலியரோடு அமர்ந்து, போரும் இடப்பெயர்வும் ஒருவர் நாவில் எத்தனை ஊர்களின் ஒலியைச் சேர்த்துவிடுகின்றன என்பதை வரைபடங்களாக்கினார்.

திருமறை கற்றோர்க்கு நியாயாதிபதிகள் 12 உடனே நினைவுக்கு வரும். யோர்தான் துறையில் ஷிபோலேத் என்று சொல்ல இயலாத எப்பிராயீமர் வெட்டுண்டனர்; நாற்பத்தீராயிரம் என்கிறது நூல். 1983 ஜூலையில் இலங்கையில் வாளிக்குரிய சிங்களச் சொல்லைச் சொல்லும்படி வழிமறிக்கப்பட்ட தமிழர் கதைகளைத் தப்பியவர்களிடம் கேட்டவர் நம்மிடையே உண்டு. இவ்வதிகாரத்தை நாம் அருளுரைக்கு எடுப்பதில்லை. எடுத்தாலும் கட்சிச் சண்டைக்கு உவமையாக்கி முடித்துவிடுகிறோம். துறையில் நின்ற கிலேயாத்தியரும் கவனமாகவே கேட்டனர் என்பதை அபு ஹம்தான் நினைப்பூட்டுகிறார். கூர்ந்து கேட்டல் தன்னளவில் அறமாகிவிடாது. ஷேஃபரின் நூலில் இல்லாத பாடம் இது.

2016இல் அவர் தடயக் கட்டடவியல் குழுவோடும் ஆம்னஸ்டி நிறுவனத்தோடும் சேர்ந்து சிரியாவின் சைத்னாயா சிறையை ஆராய்ந்தார். உள்ளே சென்று பார்க்க எவருக்கும் அனுமதி இல்லை. தப்பி வந்தோரும் கண்கட்டப்பட்டும் இருளிலும் கிடந்தவர்கள், பேசினால் தண்டனை. எனவே அவர்கள் நினைவில் இருந்தது காலடி, கதவு, அடி, எதிரொலி ஆகியவையே. இஸ்தான்புல் நகரில் அவர்களோடு அமர்ந்து, ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாக இசைத்துக் காட்டி, இதுவா, இதனிலும் தாழ்ந்ததா என வினவி, சிறையின் அறைகளை அளந்தெடுத்தனர். கைதிகள் ஒருவரோடொருவர் அஞ்சாது குசுகுசுக்கக் கூடிய அளவு 2011க்குப் பின் 19 டெசிபெல் குறைந்ததென்று அபு ஹம்தான் கணித்தார். சிறை கொலைக்களமானதற்கு அவ்வமைதியே அளவுகோலாயிற்று. 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி வீழ்ந்தபோது அக்கதவுகள் திறந்தன.

யாத்திராகமம் 3:7இன் இறைவன் கூக்குரலைக் கேட்டவர். கூக்குரலிட முடியாதபோது? காயீனுக்கு முன் ஆபேலின் இரத்தத்துக்கே குரல் இருந்ததென்கிறது ஆதியாகமம். ஆபகூக் 2:11இல் சுவரிலுள்ள கல் கூப்பிடுகிறது. சுவரைக் கேட்டல் என்பது தீர்க்கதரிசியின் உருவகம் என்றே எண்ணி வந்த நமக்கு, அதைத் தொழிலாகவே செய்து காட்டியிருக்கிறார் ஒரு கலைஞர்.

ஆயினும் ஓர் ஐயம் தீரவில்லை. இதே சாட்சியங்கள் பின்னர் கலைக்கூடங்களில் காட்சியாயின. 2019இல் டர்னர் பரிசு பெற்ற நால்வருள் அவரும் ஒருவர். சித்திரவதைக்குள்ளானவரின் நினைவு, நுழைந்தவுடன் விளக்கு மங்கும் அறையில், அடுத்த அறையின் ஓவியத்துக்குச் செல்லும் வழியில் நிற்போர்க்குக் கேட்கிறது. இது சாட்சியா, அனுபவ நுகர்ச்சியா? கலைக்கூடத்தில் வைத்தால்தான் நீதிமன்றம் கேட்க மறுத்ததை உலகம் கேட்கும் என்பார் உளர். ராபின்சனின் பசித்த கேட்டல் இங்கும் பொருந்தும் என்பார் உளர். நான் இரண்டாமவர் பக்கம் சற்றே சாய்கிறேன். எனினும் ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று மூன்று மணி நேரம் ஒருவருடைய வேதனைக் குரலைக் கேட்டுவிட்டு வீடு சென்று உணவருந்தும் நாம், கலைக்கூடத்தாரை நோக்கி முதற்கல் எறியும் தகுதியுடையவரா என்பதும் உடன் எழுகிறது.

ஆய்வுப்பட்டம் பற்றி ஒரு சொல். பிரிட்டனில் இன்று ஒலிப்படைப்பையும் எழுத்தையும் சேர்த்தே முனைவர் பட்டத்துக்கு அளிக்கலாம். படைப்பைச் சொற்களால் விளக்கியே ஆகவேண்டுமாயின் படைப்பு எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். சொற்களே வேண்டாமென்றால் தேர்வாளர் எதைத் தேர்வார் என்று மற்றவர் கேட்கின்றனர். நம் கல்லூரிகளில் வழிபாட்டு ஒழுங்கோ பாடலோ இயற்றிய மாணவர்க்கும் இதே இடர்ப்பாடு உண்டு. அவர் இயற்றியதைப் பிற்சேர்க்கையில் தள்ளி, அதைப் பற்றி நூறு பக்கம் எழுதினால் மட்டும் பட்டம் தருகிறோம். பாடல் தன்னளவில் இறையியல் வாதமாகுமா என்பதை மதிப்பெண் இடுவோர் யாரும் இன்னும் முடிவு செய்யவில்லை.

இத்துறையில் புதிதாக நுழையும் மாணவர் ஷேஃபரிடமிருந்து பயிற்சிகளை எடுத்துக்கொள்ளலாம். வரலாற்றை எடுத்துக்கொள்ள வேண்டா. ஸ்டெர்னின் முன்னுரையை ஜேம்ஸ் பாரோடு சேர்த்தே படிக்கவேண்டும். தனியே படித்தால் இறையியலின்மேல் வீண்கோபமோ வீண்வெட்கமோ வரும். ராபின்சனை வழிபாட்டியல் வகுப்பில் வைப்பது நன்று. அபு ஹம்தானின் ஒலிச்சித்திரங்களைக் கேட்பதற்கு முன் நியாயாதிபதிகள் 12ஐ உரத்து ஒருமுறை வாசித்துவிடுக.